பாகம் வராத துப்பாக்கிகள்

ஆர்டிஸ் ஹோல்மன் தொலைபேசியை எடுத்தால் வணக்கம் சொல்ல மாட்டார். "என்ன அளவு?" என்றுதான் கேட்பார். மறுமுனையில் இருப்பவர் தன் துப்பாக்கி ஒன்பது மில்லிமீட்டர் என்றால் அவர் குரலில் சலிப்பு தட்டும். ஒன்பதுக்கு எல்லாமே கிடைக்கும். குழல், சுருள்வில், விசை, பிடி, எதுவானாலும் என்ன நிறத்தில் வேண்டும் என்பதுதான் கேள்வி. நாற்பத்தைந்துக்கும் அப்படித்தான். அதைத் தாண்டி யாராவது அபூர்வமான அளவு ஒன்றைச் சொன்னால், காதில் செருகிய பென்சிலை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அன்று மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

சேஜ் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊரில் தானியக் கிடங்கை ஒட்டி இருந்தது அந்தக் கடை. ஆர்டிஸின் கணவர் கில் ஆரம்பித்தது. கில் புற்றுநோயில் போன பிறகு, பழுது பார்க்கும் வேலையை ஆர்டிஸ் குறைத்துக்கொண்டு, பாகம் தேடித் தருவதையே பெரிய தொழிலாகச் செய்தார். நான் தரை துடைக்கவும் பார்சல் பிரிக்கவும் சேர்ந்தவள். கவுண்டரில் நின்று பேசுவது எனக்கு வராது. அதனால் பின்கட்டில் இருந்தபடி எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெரிய கம்பெனி துப்பாக்கியைச் செய்துவிட்டு ஒதுங்கிவிடும். அதற்கு மாற்றுப் பாகங்கள் செய்யவென்றே நாடு முழுவதும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. பட்டறைக்காரனுக்கும் குடும்பம் இருக்கிறது. ஊரே கேட்கிற அளவுக்குத்தான் அவன் செய்வான். போலீஸ் ஒரு புது அளவைக் கையில் எடுத்தால் சில வருஷங்களுக்கு அதற்கு யோகம்தான். கடைக்குக் கடை அதன் பாகம் தொங்கும். போலீஸ் அதைக் கைவிட்டதும் பட்டறைகளும் கைகழுவிவிடும். அந்தத் துப்பாக்கியை ஆசையாக வாங்கி வைத்தவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். அப்படி நின்றவர்களெல்லாம் ஆர்டிஸைத் தேடித்தான் வந்தார்கள்.

கவுண்டருக்குப் பின்னால் ஆள் உயர இரும்புப் பெட்டகம் ஒன்று உண்டு. பாகத்துக்காகக் காத்திருக்கும் துப்பாக்கிகள் அதற்குள் இருக்கும். பார்சல் வர வர, எது எதற்கு என்று பார்த்து நான் சேர்த்து வைப்பேன். அடித்தட்டில் மட்டும் மஞ்சள் நூல் கட்டிய சில துப்பாக்கிகள் கிடந்தன. அவற்றுக்கு எந்தப் பார்சலும் வந்ததே இல்லை. சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. எல்லாப் பாகமும் இருந்தது.

ஆர்டிஸ் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்தத் தட்டை விட்டுடு கண்ணு. அதுக்கெல்லாம் ஆள் சரியானாத்தான் பாகம் வரும்" என்றார்.

மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டேன். கில் இருந்த காலத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் சுழல்துப்பாக்கியைக் கொண்டுவந்து, அவசரம், இன்றே வேண்டும் என்றிருக்கிறார். பழகிய மனிதர். கில் சாப்பிடக்கூடப் போகாமல் சரிசெய்து கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே ஷெரிஃபின் ஆள் கடைக்கு வந்து, பண்ணைக்காரர் இதால்தான் தன்னையே சுட்டுக்கொண்டார், இதை நீங்கள்தான் சரிசெய்தீர்களா என்று கேட்டாராம். கில் அதற்கப்புறம் அந்தப் பண்ணை வழியாக வண்டி ஓட்டியதே இல்லை. மலையைச் சுற்றிக்கொண்டு போவார்.

அடித்தட்டு அதிலிருந்து வந்ததுதான். ஊர்ப் பெண்களுக்கு விஷயம் தெரியும். புருஷனோ மகனோ நெடுநாள் குடித்துக்கொண்டு, பேசாமல், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால், துப்பாக்கியைக் குளிக்கும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார்கள். விசை தடுக்குது, கொஞ்சம் பாருங்க என்பார்கள். ஆர்டிஸும் பார்ப்பார். இதற்குப் பாகம் வரவேண்டும், நாளாகும் என்பார். வந்தவளும் தலையாட்டிவிட்டுப் போவாள். வேறு எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். பிறகு அந்த ஆளே கடைக்கு வந்து சத்தம் போட்டாலும் ஆர்டிஸ் அதையேதான் சொல்வார். பாகம் இன்னும் வரவில்லை.

இந்தப் பொய் எல்லா அளவுக்கும் செல்லாது. ஒன்பதுக்குப் பாகம் இல்லை என்றால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். கைப்பேசியில் தட்டினால் நாளை மறுநாள் வாசலில் கிடக்கும். யாரும் கேட்காத அளவாக இருந்தால்தான் அது நிற்கும். அந்த மாதிரித் துப்பாக்கிகளைப் பார்க்கும்போது ஆர்டிஸின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

ராய்ஸ் டில்மன் வந்தது கோடை முடியும் சமயத்தில். நெடுஞ்சாலைப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது இடுப்பில் சுமந்த துப்பாக்கியைத் தாங்களே வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். அவருடையது முந்நூற்றைம்பத்தேழு சிக் என்ற அளவு. போலீஸ் அந்த அளவை விட்டு ஒன்பதுக்குப் போய் நெடுநாளாகிவிட்டது. பழைய தோட்டா ஒன்று சரியாக வெடிக்காமல் குழலுக்குள் சிக்கியதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார். குழல் நடுவில் புடைத்துப் போயிருந்தது. கை தப்பியதே பெரிது.

அவர் மனைவி லோர்னா அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தார். ஆர்டிஸ் துக்கம் விசாரித்தார். ராய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னார். பழையபடியே வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்றார். ஆர்டிஸ் அன்றைக்கு மனசார ஒப்புக்கொண்டார். உண்மையாகவே தேடவும் செய்தார். ஒரு பட்டறை மூடிவிட்டது. ஒன்று விலைக்குப் போய்விட்டது. டென்னஸியில் ஒரு ஆள், "அம்மா, அந்த வரிசையையே நிறுத்திட்டோம். இனிமே அதை மியூசியத்துலதான் கேக்கணும். அங்க கிடைச்சா எனக்கும் ஒண்ணு வாங்கி வைங்க" என்று சிரித்தான். ஆர்டிஸும் சிரித்துவிட்டு அடுத்த எண்ணைச் சுழற்றினார்.

அந்த வாரம் நான் பெட்ரோல் போடுமிடத்தில் ராய்ஸின் தங்கை மகன் டெவினைப் பார்த்தேன். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் காட்டிக்கொண்டிருந்தான். மாமாவுடையது. மாமாவே கொடுத்துவிட்டாராம். எல்லோரும் தடவித் தடவிப் பார்த்து, அதிர்ஷ்டக்காரன்டா நீ என்றார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் சில வாரம்தான். முழங்கால் இற்றுப்போனவர்கள்கூட எங்கள் பக்கத்தில் அந்தச் சமயத்தில் துப்பாக்கியைக் கொடுக்க மாட்டார்கள். வேட்டை முடிந்த பிறகு கொடுப்பார்கள்.

மறுநாள் கடையில் அதைச் சொன்னேன். பறவை சுடும் துப்பாக்கியையும் அவர் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதையும் சொன்னேன். குதிரைச் சேணத்தைத் தேவாலய ஏலத்துக்குத் தந்துவிட்டார். எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே வந்து, இந்த ஒன்றை மட்டும் சரிசெய்யக் கொடுத்திருக்கிறார்.

ஆர்டிஸ் கையில் இருந்த பென்சிலை மேசைமேல் வைத்தார். "எப்ப சுட்டுப் பாக்கலாம்னு கேக்கவே இல்ல" என்றார். "குழல் மாத்தற எவனும் முதல்ல அதைத்தான் கேப்பான்."

சொல்லிவைத்தாற்போல் அந்த வாரமே டெக்சஸிலிருந்து பார்சல் வந்தது. யாரோ ஒருவருடைய கிடங்கின் மூலையில் கடைசியாகக் கிடந்த ஒன்று. எண்ணெய்த் தாளைப் பிரித்தேன். பளபளவென்று புதுக் குழல். ஆர்டிஸ் அதை என் கையிலிருந்து வாங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டகத்தைத் திறந்து, ராய்ஸின் துப்பாக்கிக்கு மஞ்சள் நூலைக் கட்டி அடித்தட்டில் வைத்தார்.

ராய்ஸ் வாராவாரம் வந்து கேட்டார். கோபப்படவே மாட்டார். வரவில்லையா, சரி என்பார். கதவு வரை போய், திரும்பி, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போவார். ஆர்டிஸ் சாப்பிட வரச் சொன்னார். இப்போதுதான் சாப்பிட்டேன் என்றார். ஸ்போகேனில் இருக்கும் அவர் மகளை ஆர்டிஸ் அழைத்துப் பேசினார். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், போனில் சிரித்தாரே என்றாள் மகள். போதகரை அனுப்பினார். போதகர் போய்ப் பனி எப்போது விழும் என்று பேசிவிட்டு, லோர்னாவின் பியானோவோடு திரும்பி வந்தார். தேவாலயத்துக்குத் தந்துவிட்டார், எவ்வளவு தாராள மனசு என்று பூரித்துப் போனார். ஆர்டிஸ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ராய்ஸிடமே நேராகக் கேட்கலாம் என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய மனசைப் பற்றிக் கேட்பது, கேட்டைத் திறந்துகொண்டு அவர் நிலத்துக்குள் வண்டியை ஓட்டிப் போவது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். ஆர்டிஸும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்தானே.

வேட்டை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. உரிமச் சீட்டு வாங்குபவர்கள், குறிநோக்கியைச் சரிபார்ப்பவர்கள், சும்மா பேச வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் ராய்ஸ் வந்து நின்றார். "பாகம் வராட்டிப் பரவாயில்ல ஆர்டிஸ். என் பொருளைக் குடு, நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் பொருள். கொடுக்காமல் இருக்க முடியாது. ஆர்டிஸ் மெதுவாகப் பெட்டகத்தைத் திறந்து, மஞ்சள் நூலை உள்ளேயே அவிழ்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு வந்தார்.

பக்கத்தில் ஹார்லன் பீக் நின்றிருந்தார். கவுண்டி நிர்வாகத்தின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவர். ராய்ஸுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர். உரக்கப் பேசுவார், யாருக்கு எது வேண்டுமென்றாலும் சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்.

"என்னடா தேடறே?" என்று கேட்டார்.

"சிக் குழல். கிடைக்கல."

"இதுக்கா இத்தனை நாளு?" ஹார்லன் கவுண்டரைத் தட்டிச் சிரித்தார். "டேய், நாப்பது அளவுக் குழல் இதுல அப்படியே உக்காரும்டா. தோட்டா போடற கூடும் அதேதான். ஏம்மா ஆர்டிஸ், இது உனக்குத் தெரியாதா?"

ஆர்டிஸுக்குத் தெரியும். அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். ஆர்டிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹார்லன் அதற்குள் வெளியே போய், தன் வண்டியிலிருந்து காபி டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கவுண்டரில் கவிழ்த்தார். விற்றுவிட்ட துப்பாக்கிகளின் மிச்சம் மீதி. அதிலிருந்து ஒரு குழலைப் பொறுக்கி, சட்டை நுனியில் துடைத்து, ராய்ஸின் துப்பாக்கியில் மாட்டினார். சின்னதாக ஒரு சத்தம் வந்து பொருந்தியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். கில் இருந்திருந்தா முதல் நாளே சொல்லியிருப்பாரு என்றார் ஒருவர். ஹார்லன் அதற்கான தோட்டாப் பெட்டி ஒன்றையும் தன் கணக்கில் எடுத்து ராய்ஸின் கையில் திணித்தார்.

ராய்ஸ் ஆர்டிஸைப் பார்த்தார். தெரிந்துதான் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆர்டிஸ் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தனை பேர் முன்னால் என்ன சொல்வது? இந்த மனிதர் கையில் அதைக் கொடுக்காதீர்கள் என்றா? சொன்னால் ராய்ஸ் இந்த ஊரில் யார் முகத்தில் விழிப்பார்?

ராய்ஸ் ஹார்லனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். விடாமல் பிடித்திருந்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆர்டிஸ் ஹார்லனின் முழங்கையைப் பற்றிப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். வேட்டைத் துப்பாக்கி யாருக்குப் போனது, சேணம் எங்கே போனது, பியானோ எங்கே இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். ஹார்லன், என் கையாலயே குடுத்தேனே என்று இரண்டு தடவை சொன்னார்.

வருஷத்திலேயே அதிக வியாபாரம் நடக்கும் நாள். ஆர்டிஸ் கவுண்டருக்கு வந்து, கடை மூடுகிறேன், எல்லோரும் வெளியே போங்கள் என்றார். யாரும் நம்பவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் நகர்ந்தார்கள். முணுமுணுப்பு வாசல்வரை வந்தது. ஹார்லனின் வண்டியை முன்னும் பின்னும் இழுவைவண்டிகள் அடைத்திருந்தன. அவர் அவற்றின் சொந்தக்காரர்களைத் தேடி ஓட, ஆர்டிஸ் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். சரளைப் பாதையில் அவர் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை. பேசவே இல்லை.

ராய்ஸின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறையில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ராய்ஸ் மேசையருகே உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி எதிரே இருந்தது. தோட்டாப் பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.

ஆர்டிஸ் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"ராய்ஸ், உன்னையே சுட்டுக்கப் போறியா?"

அந்த ஊரில் ஒருவர் இன்னொருவரை இப்படிக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"குழல் வந்துதா?" என்று கேட்டார் ராய்ஸ்.

"வந்துது. அப்பவே வந்துது. என் கோட்டுப் பையில இருக்கு."

"மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்னே."

"ஆமா."

"நான் என்ன சின்னப் பையனா? வாராவாரம் வந்து நின்னேனே. கேணையன்னு நினைச்சியா?"

"நினைக்கல. நீ வந்துக்கிட்டே இருக்கணும்னு நினைச்சேன்."

ராய்ஸ் கோபத்தில் எழுந்து நின்றார். நான் பயந்துபோனேன். ஆனால் நின்றவர் அப்படியே நின்றார். கோபம் தானாக எங்கேயோ போய்விட்டது. காலையில் எழுந்தால் அடுத்து என்ன என்று தெரிவதில்லை என்றார். காபி போட இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிற வேலைதான் மிச்சம் என்றார். இதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆர்டிஸ் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அவருக்கும் கில் போன பிறகு அப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். துப்பாக்கியையும் தொடவில்லை. கை இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹார்லன் வந்து சேர்ந்தார். சேற்றுச் செருப்போடு உள்ளே வந்தார். வழியில் அழுதிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் சண்டைக்கு வந்தவர் மாதிரித்தான் பேசினார்.

"டேய். என் குழலைக் குடு."

"நீதானே குடுத்தே?"

"குடுத்தேன். இப்ப வேணும். என்னுதுதானே அது."

ராய்ஸ் அவரையே பார்த்தார். எங்கள் பக்கத்தில் கடன் வாங்கிய சாமானைச் சொந்தக்காரர் வந்து கேட்டால் காரணம் கேட்கிற வழக்கம் இல்லை. தூக்கிக் கொடுத்துவிட வேண்டும். ராய்ஸ் உட்கார்ந்து, துப்பாக்கியைப் பிரித்து, குழலைக் கழற்றி நீட்டினார். ஹார்லன் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காபி இருக்கா இல்லையாடா இந்த வீட்ல?" என்றார்.

ராய்ஸ் காபி போடப் போனார். முதுகைக் காட்டிக்கொண்டே ஆர்டிஸிடம், மிச்சத்தையும் எடுத்துட்டுப் போ என்றார்.

ஹார்லன் தன் தங்கும் வண்டியை ராய்ஸின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடந்தார். இருவரும் பில்லிங்ஸ் நகரத்தில் ஒரு மருத்துவரிடம் போய்வருகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். முதுகுவலிக்கு என்று ஹார்லன் ஊருக்குச் சொல்லிக்கொண்டார்.

கடைக்குத்தான் அதற்குப் பிறகு நல்ல காலம் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை வெளியே அனுப்பப்பட்டவர்கள் அதை மறக்கவில்லை. ஆர்டிஸ் பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்கிறாள், விலை ஏறட்டும் என்று பதுக்குகிறாள் என்ற பேச்சு பரவியது. யாரோ போய் ராய்ஸிடமே கேட்டிருக்கிறார்கள். பொய் சொன்னாள்தான், என் மூஞ்சிக்கு நேராகச் சொன்னாள் என்றிருக்கிறார் ராய்ஸ். அது உண்மைதான். ஏன் சொன்னாள் என்பதை ராய்ஸ் எப்படிச் சொல்வார்? ஆர்டிஸும் சொல்லவில்லை. ஒருவர்கூடக் கேட்காமலா இருந்தார்கள்? கேட்டார்கள். தேடச் சோம்பலாக இருந்தது என்று பதில் சொன்னார்.

அபூர்வ அளவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து துப்பாக்கியைத் திரும்பக் கேட்டார்கள். ஆர்டிஸின் சொல்லை நம்பியவரைக்கும்தான் அந்தப் பெட்டகம் பெட்டகமாக இருந்தது. அடித்தட்டும் காலியானது. மஞ்சள் நூலை அவிழ்த்து அவிழ்த்துக் கொடுத்தார். கொடுத்தவற்றில் ஒன்றைப் பற்றி விசாரிக்க மார்ச் மாதம் ஷெரிஃப் வந்தார். இருபது வயதுப் பையனுடையது. அவன் அம்மா துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஷெரிஃப் போன பிறகு ஆர்டிஸ் கழிவறைக்குள் போய் வெகுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

கோடையில் கடையைப் போஸ்மன் நகரத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். இப்போது அங்கே ஒன்பதுக்கு மட்டும் சுவர் முழுக்கப் பாகம் தொங்குகிறது. மற்ற அளவு எதையாவது கேட்டால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார்கள். துண்டில் சுற்றிக்கொண்டு வரும் பெண்கள் இப்போது எங்கே போகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்டிஸ் விதைக் கடையில் மூட்டைக்குச் சீட்டுப் போடுகிறார். முதுகு கூனிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வண்டிச் சாமான் கடைக்குப் போனேன். உள்ளே ராய்ஸ் நின்றுகொண்டிருந்தார். ஆர்டிஸைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுகிறவர் அவர். ஆர்டிஸ் சட்டென்று எண்ணெய்க் கேன்கள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கி, என்னையும் இழுத்துக்கொண்டார்.

ராய்ஸ் வண்டிக்கு பேட்டரி வாங்க வந்திருந்தார். மூன்று வருஷ உத்தரவாதம் என்றான் கடைக்காரன். ராய்ஸ் மேசையைத் தட்டினார். "மூணு வருஷம் யாருக்குப் போதும்? அஞ்சு வருஷத்துக்கு எழுதிக் குடு. நாலாவது வருஷம் மைனஸ் முப்பதுல நடுரோட்டுல நின்னுட்டா, நீ வந்து தள்ளுவியா?"

கடைக்காரன் முடியாது என்றான். ராய்ஸ் விடவில்லை. உன் முதலாளியைக் கூப்பிடு என்று கத்தினார். முதலாளி வந்ததும் அவரோடும் சண்டை போட்டார்.

நாங்கள் வாங்க வந்ததை வாங்கவே இல்லை. போகலாமா என்று நான் சைகை செய்தேன். ஆர்டிஸ் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி அந்தச் சண்டையைக் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றார்.